புரட்டாத பக்கம்

நாகிசாவுக்குப் பதினெட்டு வயது. வீட்டு முன்னறையில் அம்மா நடத்தும் சலவைக்கடையில் நாள் முழுக்க இஸ்திரி போடுகிறாள். அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்து நர்ஸ் ஆக ஆசைப்பட்டவள் அவள். மூன்று வருஷம் முன்பு, நுழைவுத்தேர்வு முடிவன்று, பள்ளிப் பலகையில் அவள் எண் இல்லை.

"நல்லாத்தாம்பா எழுதுனேன்."

"எழுதுனவளுக்கு இடம் எங்க போச்சு? செல்போனைத் தடவிக்கிட்டிருந்தா இப்படித்தான்."

கூரை வேலைக்காரரான அப்பா கென்சோ அதன்பின் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போன குளிர்காலத்தில் மார்வலி வந்து போய்ச் சேர்ந்தார். அவரைப் பொறுத்தவரை கடைசிவரை அவள் பொய்க்காரிதான்.

இன்றைக்குக் கல்வித்துறையிலிருந்து இரண்டு பேர் கறுப்புக் கோட்டும் இனிப்புப் பெட்டியுமாக வந்து நின்றார்கள். அம்மா துணி கொடுக்க வெளியே போயிருந்தாள்.

"பழைய தாளையெல்லாம் திரும்பப் பார்த்தோங்க" என்றார் பெரியவர் ஒகினோ. "உங்க தாள்ல பின்பக்க மார்க்கைக் கூட்டாம விட்டிருக்காங்க. நீங்க பாஸுங்க."

"பக்கத்தைப் புரட்டக்கூட இல்லையா?"

"நிறையத் தாளுங்க... அவசரத்துல... நீங்க விரும்பினா வர்ற ஏப்ரல்ல சேந்துக்கலாம்."

"பதினஞ்சு வயசுப் பிள்ளைங்களோட?"

இருவரும் மன்னிப்புக் கேட்டு இடுப்பு வரை குனிந்தார்கள். இங்கே வழக்கப்படி, எதிரில் இருப்பவர் 'நிமிருங்க' என்று சொன்னால்தான் நிமிர வேண்டும். பெரிய மனசு பண்ணி யாரும் உடனே சொல்லிவிடுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் இந்த ஆட்கள் இவ்வளவு ஆழமாகக் குனிகிறார்கள். நாகிசா அவர்கள் முதுகையே பார்த்தாள். ஒரு தாளைத் திருப்பிப் பார்க்கக் கை வளையவில்லை, இப்போது முதுகு மட்டும் எவ்வளவு அழகாக வளைகிறது.

"எங்கிட்ட வேணாம். உள்ள வாங்க."

பின்னறையில் அப்பாவின் படம் இருந்தது. முன்னால் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

"இவர்கிட்ட சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா. காது மந்தம்."

இருவரும் மண்டியிட்டார்கள். "உங்க பொண்ணு பாஸ் பண்ணிட்டாங்க. தப்பு எங்களோடது." என்றார் ஒகினோ. நெற்றி பாயில் பட, அப்படியே கிடந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து இளையவர் மெல்லக் கேட்டார்.

"நாங்க... நிமிரலாங்களா?"

"அதை அவர் சொல்லணும்" என்றாள் நாகிசா. முன்னறைக்குப் போய் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.