கார் செட்டுக்கு வந்த மெஷின்

கண்டக்டர் மாது என்றால் அரூரில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். சேலம் பஸ், திருவண்ணாமலை பஸ் என்று மாறி மாறி ஓடிய மனிதர். சில்லறைக்குச் சண்டை போடுவார், படியில் தொங்குகிறவனைக் கண்டபடி திட்டுவார். ஆனால் வயசானவர்கள் மூட்டையோடு இறங்கினால், மூட்டையைக் கீழே எடுத்து வைத்துவிட்டுத்தான் விசில் ஊதுவார். அப்பேர்ப்பட்டவர் கடைசிக் காலத்தில் கார் நிறுத்துகிற செட்டில் கிடந்தார். நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் வீட்டுக்கு நேர் எதிர்வீடு எங்களுடையது. முன்னறையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். அவரை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். ரிடையர் ஆனதும் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டினார். கட்டுகிற காலத்தில் தினமும் விடிந்ததும் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு சுவருக்குத் தண்ணீர் விட்டது அவர்தான். குடி போன சில மாதத்திலேயே பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது.

அவருடைய மகன் அருள்குமார் ஓசூரில் கம்பெனி வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். மருமகள் காவியாவுக்கு இங்கேயே ஆபீஸ் உத்தியோகம். யார் பேச்சைக் கேட்டார்களோ, அப்பாவின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் போயிருக்கிறார்கள். நேரம் சரியில்லை, உயிர் போனால் அடைப்பு நட்சத்திரத்தில்தான் போகும் என்று அந்த ஆள் சொல்லிவிட்டான். அந்த நட்சத்திரங்களில் யாராவது இறந்தால், உயிர் போன இடத்தை மாதக்கணக்கில் பூட்டிப் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். புது வீடு, குடி போய் ஒரு வருஷம் கூட ஆகவில்லை. ஆகவே, பூட்டினாலும் செட்டோடு போகட்டும் என்று கட்டிலைக் கார் செட்டில் போட்டார்கள். அவர்களிடம் கார் கிடையாது, என்றைக்காவது வாங்குவோம் என்று கட்டி வைத்த செட் அது.

ஆரம்பத்தில் பகல் முழுக்க ஷட்டர் திறந்தே இருக்கும். படுத்தபடியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஹாரன் சத்தத்தை வைத்தே இது தீர்த்தமலை வண்டி, இது சேலம் வண்டி என்று எனக்குக் கத்திச் சொல்வார். பழைய விசில் கழுத்திலேயே தொங்கும். ஒரு விசில் ஊதினால் ஆள் வேண்டும் என்று அர்த்தம், நான் தைப்பதை விட்டுவிட்டு ஓடுவேன். காலையில் இரண்டு விசில் கேட்டால் எல்லாம் நல்லபடி, வண்டி போகலாம்.

ஐப்பசி மழை பிடித்ததும் செட் கெட்டுப்போனது. அதன் தரைக்குக் கீழேதான் தண்ணீர்த் தொட்டி. சுவரில் பாதி உயரத்துக்கு ஓதம் ஏறி, போர்வையில் பூசணம் பூத்தது. இருமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஒன்று இவரை வீட்டுக்குள் மாற்றுங்கள், இல்லை இந்த ரூமைக் காய வையுங்கள், இந்த ஈரத்தில் தாங்க மாட்டார் என்று தெளிவாகச் சொன்னார். செட்டுக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. கட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் முடிந்தது. இவர்களோ ரூமைக் காய வைக்கக் கிளம்பினார்கள்.

அருள் என்னிடம் இஞ்ச் டேப் வாங்கிக்கொண்டு போய் செட்டை நீளம், அகலம், உயரம் என்று அளந்தான். காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற மெஷின் வாங்கப் போகிறானாம். அந்த வாரம் லீவு போட்டுவிட்டு போனும் கையுமாகத் திரிந்தான். சின்ன மெஷின் ஒரு நாளைக்கு அரை டம்ளர்தான் இழுக்கும், இந்த செட்டுக்குப் பத்தாது. பெரியது குடம் குடமாக இழுக்கும், ஆனால் இரைச்சல் போடும். தண்ணீர் தானாக வெளியே போகக் குழாய் இருக்கிறதா, கரண்ட் எவ்வளவு தின்னும், ஒவ்வொன்றையும் என்னிடம் வந்து விளக்கினான். பெண் பார்க்கிறவன் கூட இவ்வளவு விசாரிக்க மாட்டான். சக்கரம் வைத்ததாகப் பாருங்கள், அப்புறம் மழைக்காலத்தில் உள்ளே துணி காய வைக்க ஆகும் என்றாள் காவியா. அந்த ‘அப்புறம்’ எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஏன்டா அருளு, இத்தன பாடு எதுக்கு? அவரத் தூக்கி ஹால்ல போடேன்டா" என்று கேட்டே விட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆறு மாசம் வூட்டப் பூட்டிட்டு நாங்க எங்க போறதுங்க்கா? அப்பாவுக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டன். இருக்கறதுலயே நல்லதாத்தான் பாக்கறன்."

பெரிய மெஷினே வந்தது. முதல் நாளே மெஷினின் தொட்டி நிறையத் தண்ணீர். தெருவே வந்து அதிசயம் பார்த்தது. பெரியப்பாவும் கட்டிலிலிருந்தே தலையைத் தூக்கிப் பார்த்தார். "இத்தன தண்ணியும் எம் மேலயா கெடந்துச்சு?" என்றார். அருள் தொட்டியைக் கழற்றிக்கொண்டு போய் சாக்கடையில் கொட்டினான்.

ஆனால் கதவு, ஜன்னல், ஷட்டர் எல்லாம் சாத்தியிருந்தால்தான் அந்த மெஷின் வேலை செய்யும். திறந்து போட்டால் வெளி ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டே கிடக்கும். அதனால் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். ரோடு போயிற்று, பஸ் போயிற்று. ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் நான் போய் ஷட்டரைத் தூக்கினேன். இருட்டுக்குள்ளிருந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"விசில் ஊதுனன் ராணி, ஒனக்குக் கேக்கலியா?" என்றார். மூச்சு வாங்கியது. "நாந் தண்ணி ஊத்துன செவுரு. அது காயறதுக்கு என்ன உள்ள வெச்சு மூடறாங்க."

ஷட்டரை முழுக்க மேலே தள்ளப் போனேன். அதற்குள் காவியா ஆபீசிலிருந்து சாப்பிட வந்துவிட்டாள். மரியாதையாகத்தான் சொன்னாள், அக்கா, தொறந்தா நம்பர் ஏறிடுதுங்க என்று. மெஷினில் ஈரத்தின் அளவு காட்டுகிற நம்பரைக் காட்டிவிட்டு ஷட்டரை இறக்கினாள். அன்றைக்குத் தெருவில் நின்று அவளைப் பார்த்துக் கத்தினேன், சாயங்காலம் அருளுக்குப் போன் போட்டும் கத்தினேன். சுவர் காய்ந்துவிட்டது, இருமலும் குறையும் என்றான். சுவர் காய்ந்தது உண்மைதான்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சோறு ஊட்டப் போன காவியாவின் அலறல் கேட்டு ஓடினேன். உடம்பு சில்லிட்டிருந்தது. விசில் உதட்டோரம் கிடந்தது. எத்தனை தரம் ஊதினாரோ, அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும். மெஷின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் சுவிட்சை அணைத்தேன்.

ஓசூரிலிருந்து வந்த அருள் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதான். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அஸ்தம் நட்சத்திரம், அடைப்பு கிடையாது என்றார். நல்ல சாவு, வீட்டுக்கு ஒன்றும் இல்லை என்று வந்திருந்தவர்கள் சொன்னார்கள். காவியா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் மழை. துவைத்த துணியெல்லாம் ஈரம். நடுக்கதவைத் திறந்து மெஷினைச் சக்கரத்தோடு தள்ளிக்கொண்டு போய், ஹாலில் ரோட்டோர ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினார்கள். ஒரு ஆள் போதும், தூக்க வேண்டியது கூட இல்லை.