பக்கம் புரட்டிய மாமி

கொழும்பில் மேடைகளில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த நான், கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. குடிவந்த முதல் வாரமே கீழ்வீட்டு மாமி மாடியேறி வந்தார். சத்தத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கத்தான் வருகிறார் என்று பயந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் பாசுரம் சேவிப்பாராம். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார். அந்த நேரத்தில்தான் நான் சமைக்கப் பழகினேன்.

இப்போது முசிறியிலிருந்துகூடப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து என்னிடம் கற்றுக்கொள்கிறார்கள். கச்சேரிகள்தான் குறைந்துவிட்டன. போன வருஷம் திருச்சியில் ஒரு கல்லூரியில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். மூன்று மாதம் ஒரே உருப்படியைத்தான் பழகினேன். கச்சேரியன்று காலையில், நான் பார்த்து வாசிக்கும் நோட்ஸில் பக்கத்தில் நின்று எனக்குப் பக்கம் புரட்ட வேண்டிய மாணவிக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. என் கணவரை நம்ப முடியாது. ஒருமுறை இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டியவர் அவர்.

வாசலில் நின்று ஒவ்வொரு மாணவியாகப் போனில் அழைத்துக்கொண்டிருந்தேன். படியில் நின்றிருந்த மாமி, தான் வரட்டுமா என்று கேட்டார்.

"உங்களுக்கு நோட்ஸ் வாசிக்கத் தெரியாதே, மாமி?"

"எதுக்கு வாசிக்கணும்? பக்கம் திருப்பற இடத்துலல்லாம் நீங்க செத்த நிறுத்துவேள். மூணு மாசமா கேட்டுண்டிருக்கேனே."

உடனே உட்கார்ந்து வாசித்துப் பார்த்தோம். எட்டுப் பக்கத்தையும் சரியாகப் புரட்டினார்.

கல்லூரி மேடையில், அரக்குப் பட்டுப் புடவையில் என் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சபையில் ஒரு சலசலப்பு. மாமி அசரவில்லை. ஆறாம் பக்கத்தின் கடைசி வரியில் மட்டும் கையை நீட்டாமல் நின்றார். நான் வேகமாகத் தலையசைத்த பிறகே புரட்டினார். எப்படியோ சமாளித்துவிட்டேன். கைத்தட்டல் ஓய வெகுநேரமானது.

திரும்பும் வழியில், காரில், ஏன் தாமதித்தீர்கள் என்று கேட்டேன்.

"அந்த வரியை நீங்க எப்பவும் ரெண்டு தடவை வாசிப்பேளே. அதுக்காகக் காத்துண்டிருந்தேன்."

வீட்டில் பழகும்போதெல்லாம் அந்த வரியில் விரல் தடுக்கும். திருத்தி இன்னொரு முறை வாசிப்பேன். அன்றைக்கு மேடையில்தான் முதன்முறையாகப் பிசகாமல் வந்தது. இதைச் சொன்னதும் மாமிக்கு முகம் வாடிவிட்டது. அந்த இரண்டாவது தடவைதான் அவருக்கு ரொம்பப் பிடிக்குமாம். காவேரிப் பாலம் தாண்டும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.