மூன்றாவது பிளக்

ஐந்தருவி ஏற்றத்தில் என் வாடகைக் கார் திணறியது. உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். வண்டி ஒரு நேரம் இழுத்தது, ஒரு நேரம் விட்டது. அவர்களை இறக்கிவிட்டு ஸ்டாண்டுக்கு வந்தேன். இன்ஜின் ஆறியதும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். மூன்று பிளக் உள்ள சின்ன கார் அது. மூன்றும் முனை கரிந்துபோயிருந்தன.

பிளக்கில் இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் பொடியாக இருக்கும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். அதனால் பழையதில் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு தென்காசியில் உள்ள ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கல்லாவில் கடைக்காரரின் தங்கை இருந்தார். கணவரை இழந்தபின் அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்கிறவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பிளக்கை வெளிச்சத்தில் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். என் மனைவி இறந்தபின், நான் கொடுத்த ஒரு பொருளை யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

புதுசையும் பழசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து திருகு மரையின் நீளம் பார்த்தார். "சரியா இருக்கு. மூணு குடுக்கட்டா அண்ணாச்சி?"

"ஒண்ணு போதும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று வெளியே வந்தபின்தான் எனக்கே புரிந்தது.

ஸ்டாண்டுக்கு வந்து புது பிளக்கைக் கையாலேயே மரையில் பதமாகத் திருகி, கடைசியில் மட்டும் ஸ்பானர் போட்டு இறுக்கினேன். வண்டி கொஞ்சம் தேறியது, முழுசாகத் தேறவில்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

மறுவாரம் இரண்டாவதற்குப் போனேன்.

"ரெண்டு புதுசு, ஒண்ணு கெழடுன்னா வண்டி எப்படி அண்ணாச்சி ஏறும்?" என்று சிரித்தார். எங்கள் பக்கம் கடைக்கு வருகிற ஆண்கள் எல்லோரும் அண்ணாச்சிதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தச் சொல் எங்களுக்கு நடுவில் இன்னொரு மேசை போட்டது போல இருந்தது.

ஸ்டாண்டில் என் கூட்டாளி விடவில்லை. "ஏலே, எல்லாவனும் செட்டா வாங்குதான். நீ என்னலே வெத்தலை மாதிரி ஒண்ணொண்ணா வாங்குத? பிளக் வாங்கப் போறவன் எவம்லே சட்டையைத் தேச்சுப் போடுதான்?"

மூன்றாவதற்குப் போன அன்று சாரல் விழுந்துகொண்டிருந்தது. நான் வாய் திறக்கும் முன்பே அவர் புதியதை எடுத்து மேசையில் வைத்தார்.

"வாங்க. இதோட மூணும் முடிஞ்சுது, இல்லையா?"

அண்ணாச்சி என்ற சொல் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகும் வரவில்லை.

"ஆமா" என்றேன்.

"கெட்டாத்தான் வரணும்னு இல்ல. வண்டி நல்லா ஓடுனாலும் வந்து சொல்லலாம்."

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது வண்டி ஐந்தருவிக்கு முனகாமல் ஏறுகிறது. தென்காசிக்குச் சவாரி கிடைத்தால், இலஞ்சி தாண்டும்போதே வாய்க்குள் சொல்லிப் பார்க்கத் தொடங்கிவிடுவேன்: வண்டி நல்லா ஓடுது. மூன்றே சொல்தான். கடை அருகில் வேகத்தைக் குறைப்பேன். வாசலில் ஆள் நின்றால் அதைச் சாக்காக வைத்துப் போய்விடுவேன். ஆள் இல்லாத நாளிலும் போய்விடுகிறேன்.

திரும்பி வரும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்பேன், எங்காவது ஒரு துடிப்பு தப்புகிறதா என்று. ஒன்றும் தப்பவில்லை.