நல்ல செய்தி கேட்டால் நடுங்குகிறவன்

என் தம்பி கிளிஃப் எந்தக் கெட்ட செய்தியையும் தாங்குவான். கூரை ஒழுகினால் அடியில் வாளியை வைத்துவிட்டு டீ போடப் போவான். நல்ல செய்தி என்று யாராவது வாயைத் திறந்தால்தான் அவனுக்கு முகம் வெளுக்கும்.

பேட்லி என்ற ஊரில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. ஒருமுறை மேலாளர் எல்லோரையும் கேன்டீனுக்குக் கூப்பிட்டு, "உங்களுக்கெல்லாம் ஒரு நல்ல சேதி" என்றார். அடுத்த வார்த்தை வருவதற்குள் கிளிஃப் தன் கோட்டையும் டீக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டான். செய்தி வேறொன்றுமில்லை, புது டீ மெஷின். எனக்கு மகள் பிறந்தபோது போன் செய்து, "நல்ல சேதிடா" என்றேன்.

"ஐயோ, எதை மூடறாங்க?" என்றான்.

எல்லாம் அந்த 'ரம்பஸ்' செய்த வேலை. அது சனிக்கிழமைதோறும் வந்த சிறுவர் படக்கதை இதழ். தெருமுனைக் கடைக்காரர் அட்டையின் மேல் பென்சிலால் எங்கள் வீட்டு எண்ணை எழுதி எடுத்து வைப்பார். தன் சாக்ஸ் நாற்றத்தாலேயே திருடர்களை மயக்கிப் பிடிக்கும் ஒரு பையன் அதில் வருவான். கிளிஃபுக்கு அவன்தான் தெய்வம். இவனும் ஒரு மாதம் சாக்ஸ் மாற்றாமல் திரிந்தான். திருடன் யாரும் வரவில்லை. விருந்தாளிகளும் வரவில்லை.

கிளிஃபுக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு சனிக்கிழமை, அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'நண்பர்களே! உள்ளே மகத்தான செய்தி!' குதித்துக்கொண்டே புரட்டினான். அடுத்த வாரம் முதல் ரம்பஸும் 'வாலப்' என்ற இன்னொரு இதழும் சேர்ந்து ஒரே இதழாக வருமாம். எங்கள் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் இந்தத் தந்திரத்தில் அடி வாங்கியவர்கள்தான். விற்காத இதழை மூடுகிறோம் என்று எந்த முதலாளியும் சொல்லமாட்டான். மகத்தான செய்தி என்பான். புது அட்டையில் வாலப் என்ற பெயர் பெரிதாகவும் ரம்பஸ் என்ற பெயர் அதன் கீழே சிறிதாகவும் இருந்தன. வாரா வாரம் ரம்பஸ் இளைத்தது. கோடை வருவதற்குள் எறும்பு அளவாகி, ஒருநாள் அதுவும் காணாமல் போனது. ரம்பஸின் கடைசி இதழை ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையில் போட்டு இன்றும் வைத்திருக்கிறான் கிறுக்கன்.

ஜேனிஸ் என்று ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறுகிறவள். கணவனை இழந்தவள். வருஷக்கணக்காக இவனோடு பழகுகிறாள். அதற்கே அவளுக்கு மெடல் கொடுக்கலாம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மேஜையில் மாட்டிறைச்சி வறுவலுக்கு கிரேவி ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"கிளிஃப், ஒரு நல்ல சேதி. நீ என் வீட்டுக்கே வந்துடு. ரெண்டு குடித்தனத்தையும் ஒண்ணாக்கிடலாம்."

கிளிஃப் முட்கரண்டியைக் கீழே வைத்தான். மாடிக்கு ஓடிப் போய்க் கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டான்.

ஜேனிஸ் கிரேவிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "பிடிக்கலன்னா நேராச் சொல்லலாமே. விட்பில என் தங்கச்சி கூப்பிட்டுட்டே இருக்கா. நான் அங்கேயே போயிடறேன்."

இவளும் போய்விட்டால் இவனை யார் சீந்துவார்கள்? மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். "டேய், வெளிய வா! அம்பத்தெட்டு வயசாகுது!"

"உனக்குப் புரியாதுக்கா. அவ வீடு பெரிசு. முதல்ல 'ஜேனிஸும் கிளிஃபும்'பாங்க. அப்புறம் கிளிஃப் சின்னதாயிடுவான். அப்புறம் வெறும் ஜேனிஸ் வீடுதான்!"

பின்னாலேயே வந்த ஜேனிஸ் படியில் உட்கார்ந்தாள். ரம்பஸ் கதையைச் சொன்னேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைப் பார்த்துக் கேட்டாள்.

"கண்ணு, ஒண்ணு சொல்லு. ரம்பஸ் போனப்புறம் வாலப்பை வாங்கினியா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது: "வாங்கினேன்."

"எத்தனை நாள்?"

"அதையும் மூடற வரைக்கும். பல வருஷம்."

"பிடிக்காமயா அத்தனை வருஷம் வாங்கினே?"

"அது வந்து... சாக்ஸ் பையன் அங்கயும் வந்தான். வாலப்ல ஆடு வளக்கிற பொண்ணு ஒருத்தி இருந்தா. அந்த ஆடு இவன் சாக்ஸைத் தின்னுட்டு மயங்கி விழும்..." உள்ளே ஏதோ புரை ஏறியதுபோலச் சத்தம். சிரிக்கிறான்! "அவங்க ரெண்டு பேரும் சேர்ந்தப்புறம்தான்..."

நிறுத்திவிட்டான்.

"சேர்ந்தப்புறம்தான்?" என்றாள் ஜேனிஸ்.

"கதையே நல்லா இருந்துச்சு."

எனக்கு வந்த கோபத்தில் கதவை உதைத்தேன். ஒரே ஒரு சனிக்கிழமைக்காக ஐம்பது வருஷம் துக்கம் கொண்டாடியிருக்கிறான் மடையன். அதற்குப் பின்னால் சிரித்த சனிக்கிழமைகளை ஒருநாளாவது நினைத்தானா?

"ஜேனிஸ்," என்றான் உள்ளேயிருந்து. "விட்பிக்குப் போகாத."

என் தம்பி யாரிடமும் எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

"போகல," என்றாள் ஜேனிஸ். "கையக் கழுவிட்டு வெளிய வா."