டாக்டரம்மாவிடம் சொல்லாத பெயின்ட் வாடை

தொண்ணூறுகளின் கடைசியில் அவனியாபுரத்தில் இருந்தோம். முன்பக்கம் மகனுடைய பட்டறை, பின்பக்கம் வீடு. ஆட்டோக்களுக்குப் பெயின்ட் அடிப்பான். தின்னர் வாடை சோற்றுப்பானை வரைக்கும் வரும். எங்களுக்குப் பழகிவிட்டது. மாசமாக இருந்த மருமகளுக்கு மட்டும் வயிற்றைப் புரட்டும்.

ஏழாம் மாதம் அவள் அம்மா திருவாதவூரிலிருந்து வந்தார்.

"மதினி, இந்த வாடையில மனுசி இருக்க முடியுமா? நான் கூட்டிட்டுப் போறேன்."

மார்கழி பிறந்திருந்தது, வளைகாப்பு போட முடியாது. எட்டாம் மாதம் எங்களில் செய்வதில்லை. "ஒம்பதுல வளையல் போட்டு அனுப்புறேன். சும்மா அனுப்புனா ஊர்ல என்ன பேசுவாக?" என்றேன்.

"ஊர்க்காரகளா வந்து பிள்ளை பெறப்போறாக?" என்று கேட்டுவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார்.

தை பிறந்ததும் மருமகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா ரத்தச் சோதனைச் சீட்டைப் பார்த்தார்.

"உடம்புக்குள்ள அழற்சி இருக்கிற மாதிரி காட்டுது. வலி முன்னாடியே வந்துடக்கூடாது. வீட்டுல புகை, பெயின்ட் வாடை ஏதும் உண்டாம்மா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். படித்தவர்கள் முன்னால் எனக்கு நாக்கு எழாது. ஆனால் அன்றைக்கு அது மட்டும் காரணம் இல்லை. உண்டு என்றால் உடனே இடம் மாற்றச் சொல்வார், வளைகாப்பு நின்றுபோகும் என்று நினைத்தேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லங்கம்மா."

மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்து நாளில் வலி வந்துவிட்டது. ஆண் குழந்தை. என் உள்ளங்கை அகலம்தான் அதன் முதுகு. கண்ணாடிப் பெட்டிக்குள் நான்கு நாள் மூச்சுக்குத் தவித்தது. ஐந்தாம் நாள் போய்விட்டது. அதன் பிறகுதான் டாக்டரம்மாவிடம் பட்டறையைப் பற்றிச் சொன்னேன்.

"அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. ஆனா சொல்லியிருந்தா அன்னிக்கே அந்த வீட்டை விட்டு அனுப்பச் சொல்லியிருப்பேன்" என்றார்.

வார்டில் மருமகளின் கால்களைப் பிடித்துக்கொண்டேன். "நான் பொய் சொல்லிட்டேன் தாயி."

"நானும் பக்கத்துலதான அத்தே நின்னேன்" என்றாள். "எனக்கும் வாய் இருந்துச்சே. நீங்க இல்லைன்னு சொன்ன பெறகு, உண்டுன்னு எப்பிடிச் சொல்றதுன்னு பேசாம இருந்துட்டேன்."

அதுவரை என் பொய்யை நினைத்து மட்டும் அழுதுகொண்டிருந்தேன். அவளோ பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு கிடந்தாள். நீ என்ன செய்வாய், எல்லாம் என்னால்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை.