உடைந்தது எனக்கு

எங்கள் வீட்டில் முட்டை பொரிப்பதற்கு அம்மா வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். மஞ்சள் கரு உடையாமல் வந்தால் அண்ணனுக்கு, உடைந்தால் எனக்கு. அண்ணனுக்கு ஆஃப்பாயில். அடுப்பைச் சிம்மில் வைத்து, ஓரத்து எண்ணெயைக் கரண்டியால் மேலே தெளித்து, மிளகுத்தூள் தூவி, கரு குலுங்காமல் தட்டில் வழுக்கி விடுவாள். உடைந்ததைக் கிளறினால் பொடிமாஸ், திருப்பிப் போட்டால் ஃபுல்பாயில், வெங்காயத்தை அள்ளிப் போட்டால் ஆம்லெட். பெயருக்கு மட்டும் குறைச்சலில்லை. எதுவும் உடையாத நாட்களில் என்னுடையதை அவளே கரண்டி முனையால் குத்திவிடுவாள். கேட்டால், "பொம்பளப் புள்ளைக்கு வேகாத முட்ட ஆவாதுடி" என்பாள்.

அண்ணன் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண்ணெடுத்துப் பாரீஸ் போய்விட்டான். நான் இங்கே பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டு, மூலக்குளத்து வாடகை வீட்டில் அம்மாவோடு கிடக்கிறேன். பக்கவாதத்தில் அவளுக்குக் கை விழுந்துவிட்டது, நினைவும் முன்னே பின்னேதான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீடியோ காலில் வந்து, "அம்மாவ நல்லா பாத்துக்க" என்பான். அதுவரைக்கும் நான் என்ன அவளைத் தெருவிலா விட்டிருந்தேன்? பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

போன வாரம் ஒருநாள் வேலைக்குக் கிளம்பும் முன் முட்டை ஊற்றினேன். கரு அப்படியே முழுசாக நின்றது. எண்ணெய் தெளித்து, மிளகுத்தூள் தூவி, அம்மாவிடம் எடுத்துப் போனேன். எனக்கொரு அற்ப ஆசை இருந்தது. உடையாத முட்டையைப் பார்த்து, ஒரே ஒரு தடவை, 'நீ சாப்புடுடி' என்று அவள் சொல்லிவிட மாட்டாளா?

தட்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "ஒடையாம வந்துருக்கே! அண்ணனுக்கு மூடி வை."

"அண்ணன் பாரீஸ்ல இருக்காம்மா. இது ஒனக்கு."

"எனக்கு வாணாம். அவன் பசியோட வருவான்டி."

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். எவ்வளவு கெஞ்சியும் திறக்கவில்லை. கம்பெனி வேன் வரும் நேரம். எரிச்சலில் ஸ்பூன் முனையால் கருவைக் குத்தினேன். தட்டெல்லாம் மஞ்சள் ஓடியது.

"ஒடஞ்சிடுச்சும்மா. இப்ப தின்னு."

அம்மா தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சரி, அப்ப நீ சாப்புடு" என்றாள்.