பின் சக்கரத்துப் பிரேக்

சைக்கிள் மிதித்துச் சம்பளம் வாங்கியவன் நான். சுரங்கத்தின் பெயரைப் பனியனில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் பந்தயம் ஓடியிருக்கிறேன். எல்லாம் தொடங்கியது ஒரு பங்குனி மாதத்துக் காலையில். அதைப் பெருமையாக ஒருநாளும் என்னால் சொல்ல முடிந்ததில்லை.

அப்போது நான் நெய்வேலியில் மண் வாரும் காண்ட்ராக்ட் கூலி. ஒரே கொட்டகையில் என் பக்கத்தில் படுத்தவன் குறிஞ்சிப்பாடித் தறிக்காரர் ஒருவரின் மகன். அவனுக்கும் என் வயதுதான். கூலிகளுக்குள் ஒரு சைக்கிள் பந்தயம், சேத்தியாத்தோப்புப் பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும், முதலில் வருகிறவனுக்குச் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை என்று அதிகாரி சொல்லிவிட்டார். எங்கள் இருவருக்கும் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

பந்தய சைக்கிளுக்கு நாங்கள் எங்கே போவது? இருந்த பழைய சைக்கிள்களில் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி எடையைக் குறைத்தோம். மாசி முழுக்க ஷிப்ட் முடிந்ததும் அந்த ரோட்டில் போய் மிதித்தோம். எதிர்க்காற்றை வாங்க ஆளுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் போவது என்று முறை வைத்துக்கொண்டோம். பிரேக்கையும் கழற்றலாம் என்றது நான்தான்.

“ஆடு மாடு குறுக்க வந்தா இன்னாடா பண்றது?” என்றான்.

“நிறுத்தறதுக்கா பந்தயத்துக்குப் போறோம்? கழட்டுடா.”

ஹேண்டில்பாரில் பிடியை மட்டும் விட்டுவிட்டுப் பிரேக் கம்பியையும் ரப்பர் கட்டையையும் இருவரும் கழற்றினோம். வாய்தான் எனக்குப் பெரிது. பந்தயத்தன்று விடிந்ததும் என் துணிச்சல் போய்விட்டது. அவன் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பின் சக்கரத்துக்கு மட்டும் பிரேக்கை மாட்டிக்கொண்டேன். சொன்னால் சிரிப்பானே என்று சொல்லவில்லை.

மாசியில் வெறிச்சென்று கிடந்த ரோடு பங்குனியில் அப்படி இருக்காது என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. உளுந்து அறுப்பு. பாலத்துக்குச் சற்று முன்னால் ரோடு நெடுகச் செடியைப் பரப்பியிருந்தார்கள். பஸ் ஏறி மிதித்தால் உளுந்து தானாக உதிரும். வருஷா வருஷம் பார்க்கிறதுதான். எல்லோருக்கும் முன்னால் நாங்கள் இருவர், முறைப்படி அவன் எனக்கு முன்னால். வளைவு திரும்பினால் நடு ரோட்டில் ஒரு பெண் முதுகைக் காட்டிக் குனிந்து பெருக்கிக்கொண்டிருக்கிறாள். அவன் கத்தினான். நான் பிரேக்கைப் பிடித்தேன். அவள்மேல் ஏறாமல் ஒடித்துத் திருப்பியவன் செடியில் சறுக்கிப் போய்ப் புளியமரத்தில் மோதினான்.

காலை ஊன்றி நின்று பார்த்தேன். அவன் வலது முட்டி பின்பக்கமாக மடிந்திருந்தது. அந்தப் பெண் ஐயோ ஐயோ என்று அவனிடம் ஓடினாள். பின்னால் மற்றவர்கள் வரும் சத்தம் கேட்டது. நான் மிதித்தேன். திரும்பி வரும்போது அங்கே கூட்டம் கூடியிருந்தது. ஓரமாக ஒதுங்கிப் போய் ஜெயித்தேன்.

மூன்றாம் நாள் கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொடையோடு காலை எடுத்திருந்தார்கள். இனி அவனுக்கு மண் வாரவும் முடியாது, அப்பாவின் தறியை மிதிக்கவும் முடியாது. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“உன்னுதுலயும்தான் பிரேக் இல்ல. நீயும் உயுந்திருந்தா இன்னாடா ஆயிருக்கும்? மாரியாத்தா உன்னையாவது காப்பாத்திக் குடுத்தாளே” என்று அழுதான்.

நானும் அழுதேன். பொய்யழுகை இல்லை. ஆனால் அன்று காலை கிளம்பும்போதே, அவன் வீட்டார் யாராவது வெளியே நிற்கும் என் சைக்கிளைப் பார்த்துவிடுவார்களோ என்று, அந்தப் பிரேக்கைக் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.